மலைராணி பியர் விளம்பரத்தில் சிரித்தவர்

சுபாஜினிக்கு வங்கியில் பதவி உயர்வு வந்தது. அந்தச் சந்தோஷத்துக்கு அம்மாவை வெளியே கூட்டிப் போய்ச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அன்னலட்சுமி எவ்வளவோ மறுத்துப் பார்த்தாள். "வீட்டுல பருப்பும் கீரையும் இருக்கு, நமக்கெதுக்குடி இந்த ஆடம்பரம்?" என்றாள். மகள் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆட்டோ பிடித்து, கண்டி வாவிக்கு எதிரே ஒரு பழைய மாடிக் கட்டடத்தில் புதிதாகத் திறந்திருந்த உணவகத்துக்கு அழைத்துப் போய்விட்டாள்.

சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது. சுவர்களில் அந்தக் காலத்துப் பத்திரிகை விளம்பரங்களைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். சவர்க்காரம், சைக்கிள், தையல் மெசின், இருமல் மருந்து. எல்லாம் கையால் வரைந்த படங்கள். வெள்ளைக்காரப் பயணிகள் இரண்டு பேர் அவற்றைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சுபாஜினி ஒவ்வொன்றாக வாசித்துச் சிரித்தாள்.

"இதப் பாருங்கம்மா. பியருக்கெல்லாம் தமிழ்ப் பேப்பர்ல விளம்பரம் போட்டிருக்காங்க. இப்ப போட்டா புடிச்சு உள்ள வச்சிருவாங்க."

அன்னலட்சுமி திரும்பிப் பார்த்தாள்.

கறுப்பு மையில் வரைந்த படம். சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்ட ஓர் இளைஞன், நுரை பொங்கும் கண்ணாடிக் குவளையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் மலையும் மேகமும். கீழே கொட்டை எழுத்தில், 'உழைத்த கைக்கு ஒரு குவளை உற்சாகம் – மலைராணி பியர்.' அந்த இளைஞனின் மேல்வரிசைப் பல் ஒன்றின் ஓரம் உடைந்திருந்தது. வரைந்தவர் அதைக்கூட விட்டுவைக்கவில்லை.

பிசைந்த சோறு அவள் விரல்களிலேயே இருந்தது.

"என்னம்மா, காரமா இருக்கா? கண்ணெல்லாம் கலங்கியிருக்கே?"

"விக்கிக்கிச்சு. தண்ணிய இப்பிடித் தள்ளு" என்றாள் அன்னலட்சுமி.

அந்தப் படத்தில் இருந்தவர் பெயர் பொன்னையா. அன்னலட்சுமிக்குப் பத்தொன்பது வயதில் அவரோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அந்தக் கல்யாணம் நின்று போனதே இந்தப் படத்தால்தான்.

பாண் ரொட்டிக்கும் துணிக்கும் சனங்கள் வரிசையில் நின்ற காலம் அது. கண்டியில் கொழும்பு வீதி என்ற தெருவில் ஒரு துணிக்கடையில் பொன்னையா விற்பனையாளராக இருந்தார். அன்னலட்சுமி அந்த வழியாகத்தான் தட்டெழுத்து வகுப்புக்குப் போய் வருவாள். ஒரு தடவை ரவிக்கைத் துணி வாங்கப் போனாள். பிறகு வாங்க ஒன்றும் இல்லாமலும் போனாள். வகுப்பு முடிந்த நாட்களில் வாவிக்கரையில் சற்று நேரம் பேசிக்கொண்டு நடப்பார்கள். விஷயம் வீட்டுக்குத் தெரிந்தால் காரியம் கெட்டுவிடும் என்று, பொன்னையா தன் தாய்மாமனை அனுப்பி முறையாகப் பெண் கேட்க வைத்தார். ஒருவரையொருவர் முன்பின் தெரியாதவர்கள் போலவே இருவரும் நிச்சயத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

அன்னலட்சுமியின் அப்பா செல்லச்சாமி மார்க்கெட்டில் மரக்கறிக் கடை வைத்திருந்தார். அவருடைய அண்ணன் தேயிலைத் தோட்டத்தில் கசிப்புச் சாராயம் குடித்தே செத்தவர். அந்தப் பிணத்தைத் தோளில் சுமந்த நாளிலிருந்து செல்லச்சாமிக்கு மது என்ற சொல்லே ஆகாது. கோயிலில் மதுவிலக்குச் சங்கம் ஒன்றை அவரே நடத்தினார். பெண் கேட்டு வந்தவர்களிடம் சாதகம் பார்க்கும் முன் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பையன் குடிப்பானா?" பொன்னையாவின் மாமன் பிள்ளையார்மேல் சத்தியம் பண்ணினார். அது பொய்ச் சத்தியமும் இல்லை.

நிச்சயம் முடிந்த பின் ஒரு நாள், கொழும்பு விளம்பரக் கம்பனி ஒன்றின் ஓவியர் அந்தத் துணிக்கடைக்குக் கைக்குட்டை வாங்க வந்தார். சிங்களவர். பொன்னையா சிரிப்பதைப் பார்த்துவிட்டு, "மல்லி, தம்பி, கொஞ்ச நேரம் எனக்கு முன்னால உக்காருவியா?" என்று கேட்டார். அன்று சாயங்காலமே அவர் தங்கியிருந்த அறையில் வைத்துப் படம் வரைந்து முடித்தார்.

அதை வாவிக்கரையில் நடந்தபடி பொன்னையா சொன்னபோது அன்னலட்சுமிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஒரு கிளாசுல வெறும் தேத்தண்ணிய ஊத்தி, மேல சவுக்கார நுரைய அள்ளி வச்சுக் குடுத்தாரு. மறந்துபோயி குடிச்சிராதன்னு வேற சொல்லிக்கிட்டே இருந்தாரு. தூக்கிப் புடிச்சுப் புடிச்சுக் கையே வலிச்சுப் போச்சு. அதோட சிரிக்கவும் வேணுமாம்!"

"எதுக்காம் அந்தப் படம்?"

"பியருக்கு. இங்கிலீசுப் பேப்பர்ல வருமாம். நம்ம ஆளுங்க எவன் அதப் பாக்கப் போறான்?"

ஆனால் அது தமிழ்ப் பத்திரிகையிலும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, கால் பக்கத்துக்கு. செல்லச்சாமி அன்று காலையில் முடி வெட்டிக்கொள்ள சலூனுக்குப் போயிருந்தார். பத்திரிகையை விரித்து வைத்திருந்த ஒருவன், "அண்ணே, ஒங்க மருமகன் பேப்பர்ல வந்திருக்காரு, பாருங்க. அப்பிடியே கையில என்னா புடிச்சிருக்காருன்னும் பாருங்க" என்றான். சலூனே சிரித்தது. மதுவிலக்குச் சங்கத் தலைவர் பாதி வெட்டிய முடியோடு எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

"இந்தக் குடிகாரப் பயலுக்கா எம் மகளக் குடுக்கிறது?" என்று பத்திரிகையைத் தரையில் அடித்தார். அம்மா ஏதோ சமாதானம் சொல்லப் பார்த்தாள். அவர் கேட்கிற நிலையில் இல்லை. குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்த அன்னலட்சுமியால் பொறுக்க முடியவில்லை. அப்பாவுக்கு முன்னால் நின்று பேசிப் பழக்கமில்லாதவள் அன்று வெளியே வந்து நின்றாள்.

"அப்பா, அவரு குடிக்க மாட்டாரு. அது பியரே இல்ல. வெறும் தேத்தண்ணி. மேல சவுக்கார நுரைய வச்சிருக்காங்க."

செல்லச்சாமி மகளை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

வாயைத் திறந்ததன் அர்த்தம் அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவர் அடிக்கவில்லை. கீழே கிடந்த பத்திரிகையை எடுத்து மடித்தார். "அப்ப, எனக்குத் தெரியாமப் பேச்சு இருந்திருக்கு" என்று மட்டும் சொன்னார். குடிகாரன் என்ற ஒரு குற்றத்தைக் கழுவப் போனவள், கள்ளன் என்ற இன்னொரு குற்றத்தையும் பொன்னையாவின் தலையில் ஏற்றிவிட்டாள்.

அடுத்த நாள் செல்லச்சாமி தனியாகத் துணிக்கடைக்குப் போய்விட்டு வந்தார். "முடிஞ்சிருச்சு" என்றார். அங்கே என்ன பேசினார் என்று கேட்க வீட்டில் யாருக்கும் தைரியம் இல்லை. தட்டெழுத்து வகுப்பும் நின்றது. எப்படியும் பொன்னையா வருவார், மாமனையாவது அனுப்புவார், நடந்ததைச் சொல்வார் என்று அன்னலட்சுமி காத்திருந்தாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து எட்டிப் பார்ப்பாள். அவர் வரவில்லை. ஆள் அனுப்பவும் இல்லை.

அடுத்த தையில் அவளை நாவலப்பிட்டிக்குக் கட்டிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்குப் புகையிரத நிலையத்தில் வேலை. செல்லச்சாமி தேடித் தேடிப் பிடித்த மனிதர். குடிக்க மாட்டார், புகைக்க மாட்டார், சிரிக்கவும் மாட்டார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. சம்பளத்தை ஒழுங்காகக் கொண்டுவந்து கொடுத்தார், மகளைப் படிக்க வைத்தார், ஒரு நாளும் கை நீட்டியதில்லை. அவர் இறந்தபோது அன்னலட்சுமி அழுதாள். ஆனால் அவரோடு வாழ்ந்த காலமெல்லாம், அடுத்த வீட்டில் யாராவது வாய்விட்டுச் சிரித்தால் அவள் கை வேலையை மறந்து நின்றுவிடும்.

எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பு வீதித் துணிக்கடை எரிந்து போனதாகக் கேள்விப்பட்டாள். பொன்னையா அதற்கு முன்பே கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டார் என்று யாரோ சொன்னார்கள். அதை அப்படியே நம்பிக்கொண்டாள். எங்கேயோ உயிரோடு இருக்கிறார் என்று நினைத்துக்கொள்ள அது வசதியாக இருந்தது. ஒரு கேள்வி மட்டும் உள்ளே கிடந்து அரித்துக்கொண்டே இருந்தது. தனக்காக ஒருத்தி அப்பாவின் முன்னால் நின்று பேசினாள் என்பது அந்த மனிதருக்குத் தெரியுமா?

உணவகத்துக்குப் போய்வந்த இரண்டொரு நாளில், கோயிலுக்குப் போவதாக மகளிடம் சொல்லிவிட்டு அன்னலட்சுமி மறுபடி அங்கே போனாள். பரிமாறுகிறவரிடம் அந்தப் படம் எங்கே வாங்கியது என்று விசாரித்தாள். மார்க்கெட்டுக்குப் பின்னால் படங்களுக்குச் சட்டம் போடும் நபீலின் கடையைக் காட்டினார்கள்.

நபீல் நாற்பது வயதுக்காரர். பழைய பத்திரிகைகளைத் தேடி வாங்கி, விளம்பரங்களைப் பிரதி எடுத்து ஹோட்டல்களுக்கு விற்பது அவர் தொழில்.

"அந்த பியர் படமா? அத நான் கடையில மாட்டுறல்ல அம்மா. எங்கட வாப்பா இருந்தா என்னையே வெளிய போட்டிருப்பாரு. ஹோட்டல்காரங்க கேட்டா மட்டும் செஞ்சு குடுக்கிற" என்றார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக, "அது என்னமோ அந்தப் படத்துக்குத்தான் தமிழ் ஆக்கள் வாராங்க. முந்தி ஒரு அம்மா கடுகண்ணாவையில ஈந்து வந்தாங்க. இது எங்க வீட்டுக்காரரு, பெரிசாக்கித் தாங்கன்னு கேட்டாங்க. நான் நம்பல்ல. பொறகு அவருட ஐடென்டிடி கார்டக் காட்டினாங்க. வயசு போனாலும் அதே மொகம்தான்!" என்றார்.

அன்னலட்சுமி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு... இருக்காரா?"

"இல்லாம? நெஞ்சு வருத்தம்னு சொன்னாங்க. கடுகண்ணாவ ஸ்டேசனுக்குப் போற ரோட்டுல அவங்களுக்குச் சின்னக் கடை ஒண்டு ஈக்கிது."

அவர் இந்தியாவுக்குப் போகவேயில்லை. இத்தனை காலமும் பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரத்துக்குள் எட்டிவிடும் ஊரில் இருந்திருக்கிறார். நாவலப்பிட்டியிலிருந்து கொழும்புக்குப் போன ஒவ்வொரு தடவையும் அவள் ரயிலிலேயே கடுகண்ணாவையைக் கடந்து போயிருக்கிறாள்.

இந்த வயதில் தேடிப் போய் என்ன ஆகப்போகிறது என்று அவளும் யோசிக்காமல் இல்லை. அவளுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தால் போதும். 'நான் உங்களுக்காகப் பேசினேன். நான் பேசினதாலதான் கெட்டுப் போச்சு. ஆனா பேசினேன்.' குட்செட் பஸ் நிலையத்தில் ஏறி உட்கார்ந்ததிலிருந்து பேராதனை, பிலிமத்தலாவை வரை அந்த வார்த்தைகளையே மனதுக்குள் மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டு போனாள்.

கடையில் வெற்றிலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். பருமனான உடம்பு, நரைத்த கொண்டை, நல்ல களையான முகம். பொன்னையாவின் மனைவி வடிவம்மா.

"யாருங்க வேணும்?"

"பொன்னையா ஐயா வீடு இதுங்களா? அவரு கண்டியில துணிக்கடையில இருந்த காலத்துல எங்கப்பாவுக்குப் பழக்கம். மார்க்கெட் செல்லச்சாமின்னு சொன்னா தெரியும்."

வடிவம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அடடே, வாங்க வாங்க! அந்தக் காலத்து ஆளுங்கன்னு ஒருத்தரையும் நான் பாத்ததே இல்லங்க. அவரும் வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல மாட்டாரு. உள்ள வாங்க."

கடைக்குப் பின்னால்தான் வீடு. யன்னலோரம் ஒரு கதிரையில் பொன்னையா உட்கார்ந்திருந்தார். மெலிந்து, தோள் கூனி, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு. அவருக்குப் பின்னால் சுவரில், கண்ணாடி போட்ட பெரிய சட்டத்துக்குள் அவரே இளைஞனாகக் குவளையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

அவள் பார்வை போன இடத்தை வடிவம்மாவும் பார்த்தாள். "எங்க கல்யாணப் போட்டோ முழுக்க எண்பத்து மூணுல எரிஞ்சு போச்சுங்க. இவரு சின்ன வயசுல எப்பிடி இருந்தாருன்னு காட்டப் புள்ளைங்களுக்கு ஒரு படம் இல்ல. எங்க மகன் போன்ல இதப் பாத்துட்டு, 'அம்மா, இது அப்பா மாதிரியே இருக்கே'ன்னான். இவரக் கேட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு ஆமான்னாரு. அவ்வளவுதான். எழுவது வயசு முடிஞ்சப்ப நானே கண்டிக்குப் போயி பெருசாக்கி எடுத்துட்டு வந்து மாட்டினேன். ஒரு நாளாவது நிமிந்து பாக்கணுமே! கதிரைய அங்கிட்டுத் திருப்பிப் போட்டுக்கிட்டுத்தான் ஒக்காருவாரு. சொட்டுக்கூடக் குடிக்காத மனுசன் இல்லையா, கிளாசோட இருக்கிறது கூச்சம் போல."

பொன்னையா வந்தவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு?"

"மார்க்கெட் செல்லச்சாமி மகளாம்" என்றாள் வடிவம்மா. "பேசிக்கிட்டிருங்க, தேத்தண்ணி ஊத்திட்டு வந்துர்றேன்."

அவள் குசினிக்குள் போனாள். யன்னலுக்கு வெளியே ரயில் ஒன்று பெருமூச்சு விட்டுக்கொண்டு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது.

"நல்லா இருக்கீங்களா?" என்றார் பொன்னையா. முன்பு அவர் அவளை 'நீ' என்றுதான் சொல்வார்.

"இருக்கேன். வீட்டுக்காரரு போயி ஆறு வருசமாச்சு. இப்ப கண்டியில மகளோட இருக்கேன். நீங்க இந்தியாவுக்குப் போயிட்டதாத்தான் சொன்னாங்க."

"போகத்தான் இருந்தேன். பாஸ்போர்ட்டும் வந்துச்சு. அப்பத்தான் வடிவோட ஐயா, இங்கயே இரு, கடையப் பாத்துக்கன்னாரு."

அன்னலட்சுமி சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "ஒரு விசயம் சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்..."

பொன்னையா கையை உயர்த்தித் தடுத்தார். "வேணாம். என்ன சொல்ல வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். அத நெனச்சு நீங்க இவ்வளவு காலம் வருத்தப்பட்டிருக்க வேணாம்."

"எத நெனச்சு?"

"அன்னைக்கு ஒங்கப்பா கடைக்கு வந்தாரு. சத்தம் கித்தம் ஒண்ணும் போடல. 'எம் மக பேப்பரப் பாத்துட்டா. குடிகாரனுக்குக் கழுத்த நீட்ட மாட்டேன்னு அவளே சொல்லிட்டா. அவள நிம்மதியா விட்டுரு'ன்னாரு. எனக்கு நம்ப முடியல. அது தேத்தண்ணின்னு ஒங்களுக்குத்தான் தெரியுமே. அப்பறம் யோசிச்சேன். நான் சொன்னத நீங்க நம்பலையோ என்னமோ. படத்தப் பாத்தா குடிக்கிறவன் மாதிரித்தானே இருக்கு."

அப்பாவா? கடைசிக் காலத்தில் படுக்கையில் கிடந்தவருக்குக் கஞ்சி ஊட்டியதும், நெஞ்சைத் தடவிவிட்டதும் அவள்தான். அப்போதும்கூட அவர் வாயைத் திறக்கவில்லை. பொன்னையா ஏன் வரவில்லை என்று அவள் ஏங்கிய நாட்களிலெல்லாம், அவள்தான் தன்னை வேண்டாம் என்றாள் என்று இந்த மனிதர் இங்கே வெந்துகொண்டிருந்திருக்கிறார்.

'நான் அப்பிடிச் சொல்லல' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பொன்னையா அதற்குள் மறுபடி பேசத் தொடங்கினார்.

"ரொம்ப நாளு கோவம் இருந்துச்சு. பொய் சொல்லல. ஆனா பாருங்க, அதுவே பின்னால நல்லதாப் போச்சு. வேணாம்னு சொன்னவங்கள நெனச்சுக்கிட்டு இருக்கக் கூடாதுன்னு மனச ஒரே வெட்டா வெட்டிட்டேன். அதனாலதான் இவளோட முழு மனசா குடும்பம் நடத்த முடிஞ்சிச்சு. நல்லவங்க இவ. எண்பத்து மூணுல இந்தக் கடையில மாட்டிக்கிட்டு இருந்தேன். வயித்துல புள்ளையோட வந்து என்னைய இழுத்துக்கிட்டு ஓடினவ. நீங்க அன்னைக்கு வேணாம்னு சொல்லாம இருந்திருந்தா, நான் காலம் முழுக்க அந்த வாவிக்கரையிலேயே நின்னிருப்பேன். இவளுக்குத் துரோகம் பண்ணியிருப்பேன்."

குசினியில் கோப்பையில் கரண்டி கலக்கும் சத்தம் கேட்டது. வடிவம்மா ஏதோ ஒரு பாட்டை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

அன்னலட்சுமி அவர் முகத்தைப் பார்த்தாள். நோயில் வற்றிய முகம். அதில் கோபம் இல்லை. எதையோ ஒழுங்காகக் கட்டி வைத்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் அமைதிதான் இருந்தது. அந்தக் கட்டை அவிழ்க்க அவளுக்கு ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தைக்காகத்தான் பஸ் ஏறி வந்திருந்தாள்.

"சின்ன வயசு" என்றாள். குரல் அவளுடையது போலவே இல்லை. "புத்தியில்லாமச் சொல்லிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

"எப்பவோ விட்டுட்டேன்" என்றார் பொன்னையா. அவர் முகத்தில் ஏதோ இளகியது. மெல்லச் சிரித்தார். வாய் நிறையப் பொய்ப் பற்கள், வரிசையாக, ஒரு குறையும் இல்லாமல்.

வடிவம்மா தேநீரும் பிஸ்கட்டும் கொண்டுவந்தாள். அன்னலட்சுமி குடித்தாள். மருமகள்களைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினார்கள். கிளம்பும்போது பொன்னையா கைகூப்பினார். அவளும் கூப்பினாள். வடிவம்மா பஸ் தரிப்பு வரை கூடவே வந்து, தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். "அடிக்கடி வாங்க. ஒங்களப் பாத்த பொறகு மனுசன் மூஞ்சியே தெளிஞ்சிருக்கு" என்றாள்.

பஸ் பிலிமத்தலாவையைத் தாண்டும் வரை அன்னலட்சுமி தாக்குப் பிடித்தாள். அப்புறம் முடியவில்லை. முன் இருக்கைக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, வாயில் சேலைத் தலைப்பைத் திணித்துக்கொண்டு அழுதாள். பக்கத்தில் இருந்த சிங்களப் பெண் "ஏய் அம்மே?" என்று ஏன் அழுகிறாள் என்பதைச் சிங்களத்தில் கேட்டாள். பதில் வராததால் மேலே ஒன்றும் கேட்காமல், இறங்கும் வரை அவள் முதுகில் கையை வைத்தபடியே வந்தாள்.

அன்று சாயங்காலம் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லாமல் இருக்க முடியவில்லை. சுபாஜினிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"அவ்வளவு தூரம் போயிட்டு உண்மையச் சொல்லாம வந்தா எப்பிடிம்மா? செய்யாத குத்தத்த ஒத்துக்கிட்டு வந்திருக்கீங்க!"

"சொல்லியிருந்தா? அந்த மனுசன் என்னா பண்ணுவாரு? திரும்ப இளந்தாரியாகி வந்து பொண்ணு கேப்பாரா? பாவம், அந்தப் பொம்பள உள்ள தேத்தண்ணி கலக்கிக்கிட்டிருக்கா. அவ வாழ்ந்தத நான் எப்பிடிடி கலைக்கிறது?"

"அப்ப நீங்க?"

அன்னலட்சுமி எழுந்து சாமி அறைக்கு விளக்கேற்றப் போனாள்.

சாமி அறைச் சுவரில் செல்லச்சாமியின் படம் இருந்தது. தினமும் காலையில் அதற்கு ஒரு பூ வைப்பது அவள் வழக்கம். மறுநாளிலிருந்து வைக்கவில்லை. சுபாஜினி ஒரு நாள், "கழட்டிடவாம்மா?" என்று கேட்டாள். அண்ணனின் பிணத்தைத் தோளில் சுமந்த மனிதரும் அன்னலட்சுமிக்கு நினைவு வந்தார். "இருக்கட்டும்" என்றாள். ஒரு மாதம் போல அந்தப் படத்தின் முகத்தைப் பார்க்காமலேயே அந்த அறைக்குள் போய் வந்தாள். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பூ வைத்தாள். மன்னித்துவிட்டாளா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

கடுகண்ணாவைக்கு அவள் மறுபடி போகவில்லை. வடிவம்மாதான் இடைக்கிடை தொலைபேசியில் பேசுவாள். ஐப்பசி மழையில் ஒரு காலையில் அழைப்பு வந்தபோது, மணி அடித்த நேரத்தை வைத்தே அன்னலட்சுமிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. தூக்கத்திலேயே போய்விட்டாராம். இழவு வீட்டுக்குப் போக அவளால் முடியவில்லை. காய்ச்சல் என்று சொல்லி வீட்டிலேயே படுத்திருந்தாள். கருமாதிக்குத்தான் போனாள்.

மாலை போட்டு வைத்திருந்தது அதே படம்தான். ஆனால் குவளை இல்லை, எழுத்துகள் இல்லை. பியர்க் குவளையோடு படத்தை வைத்து விளக்கேற்றக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னதால், மகன் நபீலிடம் கொண்டுபோய் அவற்றைக் கணினியில் அழித்து வாங்கி வந்திருந்தான். உயர்த்திய கை மட்டும் எதையோ பிடித்தபடி வெறுமையாக நின்றது. சிரிப்பு அப்படியே இருந்தது.

சாப்பாட்டுப் பந்தி முடிந்து ஆட்கள் கலைந்த பின், வடிவம்மா அன்னலட்சுமியின் கையைப் பிடித்துப் பின்னறைக்குக் கூட்டிப் போனாள். வெள்ளைச் சேலையில் அவள் பாதியாகக் குறைந்துபோனவள் போலத் தெரிந்தாள். இருவரும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்கள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்" என்றாள் வடிவம்மா. முதல் முறையாக அக்கா என்றாள். "நான் கட்டிக்கிட்டு வந்தப்பவே இந்த மனுசன் அவ்வளவா சிரிக்க மாட்டாரு. அந்தப் படத்துல இருக்கிற மாதிரி ஒரு நாளும் நான் பாத்ததில்ல. அப்பிடிச் சிரிச்ச காலத்துல அவரு எப்பிடி இருந்தாருன்னு தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தர்தான் மிச்சம். கொஞ்சம் சொல்லுங்களேன்."

பொன்னையா என்ற பெயரை இவ்வளவு காலமும் யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு உரிமை இருந்ததில்லை. இப்போது கேட்கிறவள் அவருடைய மனைவி.

"துணி கிழிக்கையில ஒரு சாண் கூடத்தான் கிழிப்பாரு" என்று மெதுவாகத் தொடங்கினாள். "மொதலாளி பாத்துட்டா, கத்தரி வழுக்கிருச்சுன்னு சொல்லுவாரு. மழை வந்தா போதும், அவரு குடைய யாருக்காவது குடுத்துட்டு நனைஞ்சுக்கிட்டேதான் போவாரு. பெரஹர ஊர்வலம் பாக்கப் போனா, யானைங்க பேரெல்லாம் அவருக்குத் தெரியும். தெரியாட்டி அவரே ஒண்ணு வச்சிருவாரு."

வடிவம்மா அழுதுகொண்டே சிரித்தாள். "அப்பறம்?" என்றாள். "அப்பறம்?"

அன்னலட்சுமி சொல்லிக்கொண்டே போனாள். ஒவ்வொன்றாக, நிதானமாக, ஒன்றையும் மறக்காமல் சொன்னாள். அப்போதெல்லாம் தான் எங்கே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதை மட்டும் சொல்லவில்லை.